மனிதரைப் படித்த மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் - விலங்கியல்)

கதை எழுதும் ஆர்வம் கொண்ட மாணவர் நம் கல்லூரியில் பலர் உண்டு. அவர்களுள் நானும் ஒருவன். எங்கள் அனைவரையும் வாட்டும் கேள்வி ஒன்றே. கதை மாந்தரை எங்கே தேடுவது? விடை எளிது போலத் தோன்றும். பேருந்து நிலையத்தில் தேடலாம். வாரச் சந்தையில் தேடலாம். தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்தும் தேடலாம். முன்பின் அறியாத மனிதர் ஆயிரம் பேர் நம் கண்முன் நடமாடுகிறார்கள். உற்றுப் பார்த்தால் போதும், கதை கிடைத்துவிடும் என்றே நானும் எண்ணியிருந்தேன். பார்த்தால் மட்டும் போதாது என்று எனக்குக் கற்பித்தவர்கள் இருவர். ஒருவர் உலகம் போற்றும் ருசிய எழுத்தாளர் அந்தோன் செகாவ். மற்றவர் என் தந்தை. செகாவின் வாழ்வைச் சொல்லுமுன் என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலாம் ஆண்டில் விடுதி மாணவர்கள் சேர்ந்து நடத்திய கையெழுத்து ஏட்டில் நான் ஒரு நகைச்சுவைக் கதை எழுதினேன். கல்லூரி அலுவலகத்தின் கட்டணச் சாளரத்தருகே நான் கண்ட முதியவர் ஒருவரே அதன் நாயகர். மஞ்சள் பை, அதற்குள் ஒரு துணி முடிச்சு, அதற்குள் ரூபாய் நோட்டுகள். அவர் விரலை நாவில் தொட்டுத் தொட்டு மூன்று முறை எண்ணினார். சாளரத்துக்கு அப்பால் இருந்தவர் பொறுமையிழந்தார். வரிசையில் நின்ற நாங்கள் சிரித்தோம். அந்த எண்ணுதலை நான் ஏழு முறையாக்கி, அவரைக் கஞ்சராக்கி, மூன்று பக்கம் எழுதினேன். விடுதியே சிரித்தது. நானும் எழுத்தாளனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கதையைப் படித்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் சிரிக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அது செகாவ் கதைகளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. அன்று தொடங்கிய பழக்கம் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் தேடிப் படிக்க வைத்தது.

கடையிலே கற்ற பாடம்

செகாவ் 1860ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள், அசோவ் கடற்கரையில் உள்ள தகன்ரோக் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஒரு பண்ணையடிமை. நிலத்தோடு சேர்த்து மனிதரையும் உடைமையாகக் கருதிய காலம் அது. பாட்டனார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து 1841இல் தம் குடும்பத்தின் விடுதலையை வாங்கினார். அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள்தாம் பல்கலைக்கழகத்தின் படியேறினார்கள். என் குடும்பத்தில் கல்லூரியைக் கண்ட முதல் ஆள் நான். ஆகவே இந்தச் செய்தி என் நெஞ்சைத் தொட்டது இயல்பே.

தந்தை ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். தேயிலை, சர்க்கரை, எண்ணெய், உப்பிட்ட மீன், மது எனப் பலவும் அங்கே விற்பனையாகும். தந்தை மிகக் கண்டிப்பானவர், அடிக்கவும் தயங்காதவர். பள்ளி விட்டு வந்த சிறுவன் குளிரில் நடுங்கியபடி கடையைக் காக்க வேண்டும். பாடமும் அங்கேதான் படிக்க வேண்டும். விளையாட்டை இழந்த அச்சிறுவனுக்கு வேறொன்று கிடைத்தது. உழவரும் மாலுமிகளும் வண்டிக்காரரும் அக்கடைக்கு வருவார்கள்; குடித்துக்கொண்டே பேசுவார்கள். அவர்களுடைய நடையையும் குரலையும் சிறுவன் மனத்தில் பதித்துக்கொண்டான். வீட்டில் அவர்களைப் போல நடித்துக் காட்டுவான். ஒருமுறை கந்தல் உடுத்துப் பிச்சைக்காரனாக வேடமிட்டுத் தன் சிற்றப்பாவின் வீட்டுக்கே போய்க் காசு வாங்கி வந்தானாம்!

1876இல் கடை நொடித்தது. கடன்காரருக்கு அஞ்சித் தந்தை மாஸ்கோவுக்கு ஓடினார். குடும்பமும் பின்தொடர்ந்தது. பதினாறு வயது அந்தோன் மட்டும் பள்ளிப் படிப்பை முடிப்பதற்காகத் தனியே தங்கினான். பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வயிற்றைக் கழுவினான். மீந்ததைத் தாய்க்கு அனுப்பினான். 1879இல் நகர மன்றம் அளித்த மாதம் 25 ரூபிள் உதவித்தொகையோடு மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார்.

சிரிப்பிலிருந்து துயரத்துக்கு

வீட்டில் வறுமை. மருத்துவ மாணவர் நகைச்சுவை இதழ்களுக்கு எழுதத் தொடங்கினார். 1880இல் முதல் படைப்பு வெளிவந்தது. வரிக்கு இத்தனை கோபெக் என்று கூலி. ஓர் இதழ் ஏறத்தாழ நூறு வரிகளுக்கு மேல் இடம் தராது. அந்தக் கட்டுப்பாடே அவருக்குச் சுருங்கச் சொல்லும் கலையைப் பழக்கியது. குமாஸ்தா, காவலர், வணிகர், மாமியார் என்று அன்றாடம் கண்ட மனிதரே அவருடைய கதை மாந்தர். நாடக அரங்கில் ஓர் உயர் அதிகாரியின் தலையில் தும்மிவிட்ட குமாஸ்தா, மன்னிப்புக் கேட்டுக் கேட்டே அச்சத்தால் இறந்துபோகும் கதை 1883இல் வந்தது. படிப்பவர் சிரித்துக்கொண்டே வந்து இறுதி வரியில் திடுக்கிடுவர்.

1884இல் அவர் மருத்துவராகத் தேறினார். மாஸ்கோவுக்கு அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் பணியாற்றினார். மருத்துவத் தொழில் அவருடைய பார்வையையே மாற்றியது என்பது என் துணிபு. கடையில் இருந்தவரை மனிதர்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள், இவர் பார்த்தார். மருத்துவமனையிலோ எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டாக வேண்டும். கேட்டதைப் பொறுமையாகச் செவிமடுக்கவும் வேண்டும்.

இதற்கு ஒரு சான்று கூறலாம். மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்கோவோ என்னும் ஊரில் உழவர் ஒருவர் மீன் பிடித்து வந்தார். தூண்டில் நூல் நீரில் அமிழ்வதற்குக் கனம் வேண்டுமல்லவா? தண்டவாளத்தை இறுக்கியிருக்கும் நட்டுகளைக் கழற்றி அதற்குப் பயன்படுத்தினார். அதனால் வண்டி கவிழலாம் என்று எடுத்துச் சொன்னபோதும் அவருக்கு விளங்கவில்லை. செகாவ் அவரைச் சந்தித்ததை அவருடைய நண்பரும் பத்திரிகையாளருமான கிலியரோவ்ஸ்கி பதிவு செய்திருக்கிறார். 1885இல் வந்த ஒரு கதையில் அந்த உழவர் விசாரணை அதிகாரியின் முன் நிற்கிறார். அதிகாரி சட்டம் பேசுகிறார். உழவர் மீனைப் பற்றிப் பேசுகிறார். இருவருக்கும் நடுவே பெரும் பள்ளம். உழவர் சொல்வது நமக்குச் சிரிப்பூட்டுகிறது. ஆயினும் சிறிது நேரத்தில் நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற ஐயம் எழுகிறது.

அடுத்த ஆண்டு, 1886இல், அவர் எழுதிய குதிரை வண்டிக்காரரின் கதை அந்த ஐயத்துக்கும் விடை தருகிறது. வண்டிக்காரரின் மகன் இறந்து ஒரு வாரம் ஆகவில்லை. வண்டியில் ஏறும் ஒவ்வொருவரிடமும் சொல்ல வாயெடுக்கிறார். எவருக்கும் கேட்க நேரமில்லை. இரவில் இலாயத்துக்குப் போய்த் தம் குதிரையிடம் சொல்கிறார். நாள்தோறும் நாமும் எத்தனை ஓட்டுநர்களின் முதுகைப் பார்த்தபடி பயணம் செய்கிறோம்! அவர்களில் எவருடைய முகமாவது நம் நினைவில் இருக்கிறதா?

பத்தாயிரம் அட்டைகள்

1888இல் புஷ்கின் பரிசு கிடைத்தது. புகழ் வந்தது. அதன்பின் அவர் செய்த செயல் பலருக்கும் விளங்கவில்லை. 1890இல், முப்பதாம் வயதில், நுரையீரல் நோயின் அறிகுறிகள் இருந்தும், கைதிகளை நாடு கடத்தி வைத்திருந்த சகலின் தீவுக்குப் புறப்பட்டார். சைபீரியாவைக் கடக்கும் இருப்புப்பாதை அன்று இல்லை. குதிரை வண்டியிலும் படகிலும் ஏறத்தாழ மூன்று மாதம் பயணம் செய்தார். சேறு, வெள்ளம், குளிர் எல்லாவற்றையும் தாண்டித் தீவை அடைந்தார்.

அங்கே மூன்று மாதத்துக்கு மேல் தங்கினார். அச்சிட்ட அட்டைகளுடன் வீடு வீடாகச் சென்று தனி ஒருவராக மக்கள்தொகைக் கணக்கெடுத்தார். பெயர், வயது, சமயம், பிறந்த இடம், தீவுக்கு வந்த ஆண்டு, தொழில், எழுத்தறிவு, திருமண நிலை, நோய் என அட்டையில் கேள்விகள் இருந்தன. ஏறத்தாழ பத்தாயிரம் அட்டைகள் நிரம்பின. அவர் தேடியது வெறும் புள்ளிவிவரத்தை அன்று. தனி மனிதர் எடுக்கும் கணக்கு முழுதும் சரியாக இராது என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கணக்கெடுக்கும்போது பெறும் மனப்பதிவுகளே அவருடைய நோக்கம். ஒவ்வொரு குடிசையின் கதவையும் தட்ட அந்த அட்டை ஒரு காரணமாயிற்று.

ஒரு வீட்டில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் இருந்தான். தந்தையின் முழுப் பெயரைக் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் இருப்பவர் தன் சொந்தத் தந்தை அல்லர் என்றான். தன் தாய் கணவனைக் கொன்றதற்காக அங்கே அனுப்பப்பட்டவள் என்பதையும் அவன் சாதாரணமாகச் சொன்னான். தம் உண்மைப் பெயரை மறைத்து, நினைவில்லாதவர் என்ற பொருள்படும் சொல்லையே பெயராகக் கொண்டிருந்தவர்கள் பலரும் அத்தீவில் இருந்தார்கள். இவற்றையெல்லாம் செகாவ் அழுகையோ ஆரவாரமோ இன்றி எழுதினார். அந்நூல் 1895இல் வெளிவந்தது. அத்தீவின் பள்ளிகளுக்கு நூல்கள் திரட்டி அனுப்பவும் அவர் மறக்கவில்லை.

திரும்பும் வழியில் கப்பல் ஆங்காங், சிங்கப்பூர் வழியாக இலங்கைக்கு வந்தது. 1890 நவம்பரில் கொழும்பிலும் கண்டியிலும் செகாவ் சில நாள் தங்கினார். நம் அண்டை மண்ணில் அவர் கால் பதித்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ! அங்கே கீரிகள் வாங்கினார். விலங்கியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கீரி என்று நம்பி வாங்கியவற்றுள் ஒன்று மரநாய் என்று பிறகு தெரிந்தது! மனிதரை இனம் காண்பதில் தேர்ந்த கண்ணும் விலங்கிடம் ஏமாந்தது.

அதே பயணத்தில்தான், சிங்கப்பூரை அடையுமுன், இறந்துபோன பயணிகள் இருவரின் உடல்களைக் கடலில் இறக்கினார்கள். செகாவ் அதைக் கண்டார். பணி முடிந்து ஊர் திரும்பும் நோயுற்ற படைவீரர் ஒருவர் கப்பலிலேயே இறந்து, துணியில் தைக்கப்பட்டுக் கடலில் இறங்கும் கதை அவ்வாண்டு டிசம்பரில் அச்சேறியது. அதை எழுதிய இடமாகக் கொழும்பையே அவர் குறித்தார். தாம் அறியாத மனிதருக்கும் ஊரும் வீடும் வீட்டைப் பற்றிய கனவும் உண்டென்று எண்ணிப் பார்த்ததன் விளைவே அக்கதை.

அவரும் சறுக்கினார்

செகாவ் பிழையே செய்யாதவர் என்று சொல்ல வரவில்லை. 1892இல் வெளிவந்த கதை ஒன்றில், கணவன் இருக்க ஓர் ஓவியனோடு பழகும் பெண்ணைப் படைத்தார். அவருடைய நெருங்கிய நண்பரான ஓவியர் லெவித்தானும், அவரோடு பழகிய பெண்மணி ஒருவரும் அதில் தங்களையே கண்டார்கள். ஊரும் கண்டுகொண்டது. நட்பு முறிந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. 1895இல்தான் மீண்டும் கூடினார்கள்.

பிற்காலப் படைப்பு ஒன்றை இதனோடு ஒப்பிடலாம். 1902 கோடையில் மாஸ்கோவுக்கு வெளியே தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டில் குள்ளமான, குறும்பு மிக்க ஆங்கில ஆசிரியை ஒருவரைக் கண்டார். அவருடைய கடைசி நாடகமான செர்ரிப் பழத்தோட்டத்தில் வரும் வீட்டாசிரியைக்கு அவரே வித்து. ஆனால் நாடகத்தில் அவள் மெலிந்தவள். தன் வயதும் தன் பிறப்பும் அறியாதவள். வித்தைகள் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டுத் தனிமையில் தவிப்பவள். உருவம் மாறிற்று; ஊர் மாறிற்று. அவளைக் கண்டு எவரும் அந்த ஆசிரியையைச் சுட்டிச் சிரிக்க முடியாது. கண்டதை உடனே எழுதாமல் நினைவில் ஊறவிட்ட பிறகே தம்மால் எழுத முடியும் என்று அவர் கடிதம் ஒன்றில் குறித்திருக்கிறார். குறிப்பேட்டில் அவர் எழுதி வைத்தவையும் ஓரிரு வரிகளே. ஊற ஊற ஏளனம் வடிந்து மனிதர் மட்டும் எஞ்சுவார் போலும்.

1892இல் அவர் மெலிகோவோ என்னும் சிற்றூரில் குடியேறினார். காலரா பரவியபோது 25 ஊர்களின் பொறுப்பை ஊதியமின்றி ஏற்றார். அப்பகுதியில் மூன்று பள்ளிகள் கட்டினார். 1897 கணக்கெடுப்பிலும் பணியாற்றினார். உழவர் வாழ்வைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கதை அவ்வாண்டிலேயே வந்தது. அதே ஆண்டு காசநோய் முற்றி, வாயில் குருதி வந்து மருத்துவமனையில் கிடந்தார். பிறகு யால்டாவில் வாழ்ந்தார். 1904 சூலை 15ஆம் நாள் செருமனியில், 44ஆம் வயதில் மறைந்தார். மாஸ்கோவில் அவருடைய உடலை வரவேற்க வந்தவர்களில் ஒரு பகுதியினர், படைத்தலைவர் ஒருவரின் சவப்பெட்டியைச் செகாவுடையது என்று தவறாகக் கருதி இராணுவ இசையோடு அதன் பின்னே சென்றார்களாம். கார்க்கி இதைச் சினத்தோடு எழுதியிருக்கிறார். வழிப்போக்கரையெல்லாம் உற்று நோக்கிய மனிதர், தம் இறுதி ஊர்வலத்தில் அடையாளம் தெரியாதவராகிப் போனார்!

சாளரத்தின் மறுபக்கம்

இனி என் தந்தையைப் பற்றி. இவ்வாண்டு, பருவத் தேர்வுக்கு முன் ஒரு நாள், நண்பர்களோடு அலுவலகப் பக்கம் போனேன். கட்டணச் சாளரத்தருகே ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். கையில் மஞ்சள் பை. விரலை நாவில் தொட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். நண்பன் என்னை இடித்து, உன் கதாநாயகர் மறுபடியும் வந்துவிட்டார் என்று காதில் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கணம் நானும் சிரித்தேன். அடுத்த கணம் அந்தச் சட்டையின் தோள்பட்டையில் இருந்த தையலை அடையாளம் கண்டேன். அது என் தாய் போட்ட தையல்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. தூணோரம் நின்றேன். பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பிய தந்தை என்னைக் கண்டு முகம் மலர்ந்து தம்பி என்று அழைக்கும்வரை, அவர் யாரோ எவரோ என்பதுபோல் நின்றேன். நண்பர்களின் சிரிப்பு அடங்கிற்று. அந்த அமைதி இன்றும் என் செவியில் இருக்கிறது.

பேருந்து நிலையத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். தேநீர் குடிக்கும்போது, ஏன் அப்பா அத்தனை முறை எண்ணினீர்கள் என்று கேட்டேன். அவர் தயங்காமல் சொன்னார். பணம் இரண்டு இடத்தில் வாங்கியது. ஒரு நோட்டுக் குறைந்தாலும் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டு மறுநாள் வர வேண்டும். வந்தால் இன்னொரு நாள் கூலி போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாத தமக்கு, சாளரத்தில் குறைகிறது என்று சொல்லிவிட்டால் மறுத்துப் பேச எண்ணிக்கை ஒன்றுதான் துணை. இவ்வளவே அவர் சொன்னது. நான் முதலாம் ஆண்டில் கண்ட அந்த முதியவரும் மூன்று முறை எண்ணினார். அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. அவர் யாருடைய தந்தை என்பதும் இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருடைய பிள்ளை நம் வகுப்பறைகளில் ஒன்றில் அமர்ந்து என் கதையைப் படித்திருக்கவும் கூடும். அப்படியாயின் இந்தக் கட்டுரையை அவர் என் மன்னிப்பு வேண்டுகோளாக ஏற்க வேண்டும்.

அறிமுகமில்லாத மனிதரைக் கவனிப்பது எழுத்தாளனுக்குத் தேவையானதுதான். அதை நான் விடப்போவதில்லை. இப்போதும் என் சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. ஆனால் ஒருவருடைய நடையையோ பேச்சையோ குறித்தபின், அதன் கீழே ஏன் என்று ஒரு சொல் எழுதி வைக்கிறேன். விடை தெரியாதவரை அவரைக் கதையில் சேர்ப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்த உயிரணு நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மனிதரோ திரும்பிப் பார்க்கிறார். பெயர் சொல்லி அழைக்கவும் செய்கிறார்.

நண்பர்களே! கதை தேடி நீங்களும் பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் செல்லுங்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே நிற்பவர் நம்மில் ஒருவரின் தாயோ தந்தையோ என்பதையும் நினைவில் வையுங்கள். அடிமையின் பேரராகப் பிறந்து, கடைக்காரரின் மகனாக வளர்ந்து, மருத்துவராக மனிதரைப் படித்த செகாவின் வாழ்விலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் இதுவே.